சேவல் கொண்டையும் அண்ணாச்சியின் ஸ்க்வாட்டும்

இன்னைக்கு ஒரு நீளமான வரலாற்றுப் பதிவு. டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருங்க.

டல்லாஸ்ல நான் போற ஜிம்முக்கு ஒரு அண்ணாச்சி வருவார். திருநெல்வேலிப் பக்கம், வயசு 47, நம்மள மாதிரியே பொட்டி தட்டுற தொழில். மூணு வருஷமா சனிக்கிழமை காலைல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்க்வாட் போடுவோம். அவர் பின்னாடி நான் நிப்பேன், என் பின்னாடி அவர் நிப்பார். 45 வயசுல 160 கிலோவைத் தோள்ல வச்சு உக்காந்து எழுந்த மனுஷன். இப்போ ஒரு வருஷமா 140லயே மாட்டிக்கிட்டு நிக்கிறார். போன மாசம் ஒரு நாள் தண்ணி பாட்டிலைத் திறந்துகிட்டே சொன்னார்:

"எலே தம்பி, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாம்னு இருக்கேன் டே. டெஸ்ட் எடுத்தாச்சு. 281தான் இருக்காம். முன்னூறாவது வேணுமாம்."

டெக்சாஸ்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். ஹைவே ஓரத்துல பார்பெக்யூ கடை போர்டும், விபத்து வக்கீல் போர்டும், அதுக்கு நடுவுல 'களைப்பா? தொப்பையா? எங்ககிட்ட வாங்க'ன்னு ஆண்களுக்கான க்ளினிக் போர்டும் வரிசையா நிக்கும். அப்படி ஒரு இடத்துலதான் எடுத்திருக்கார். கூடவே ஒரு தள்ளுபடி வேற. ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வந்தா ஆளுக்கு 50 டாலர் குறைப்பாங்களாம். "நீயும் ஒண்ணு எடுத்துப் பாரேன்"னார். எனக்கு 29 வயசு. கல்யாணமாகி ரெண்டு வருஷம். வீட்டுல தங்கமணியும் நானும் இப்பத்தான் 'சரி, இந்த வருஷம் பார்க்கலாம்'னு பேசி முடிவெடுத்திருக்கோம். இந்தக் கடைசி வரி ஏன் முக்கியம்னு பின்னாடி சொல்றேன்.

நமக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. எங்கயாவது பிரச்சினைன்னா லாக் ஃபைலை முதல் வரியில இருந்து படிக்க ஆரம்பிச்சுடுவோம். அண்ணாச்சிக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி இந்த மருந்து எங்கிருந்து வந்துச்சுன்னு தேடப் போனேன். மூணு வாரம் ஓடிப்போச்சு.

கதை கோழிப்பண்ணையில ஆரம்பிக்குது. காயடிச்ச சேவல் என்ன ஆகும்னு கிராமத்துல வளர்ந்தவங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். கொண்டை சுருங்கும், கூவாது, சண்டைக்குப் போகாது, கொழுப்பு போடும். இது மனுஷனுக்கு ஆயிரக்கணக்கான வருஷமாத் தெரிஞ்ச விஷயம். ஏன்னுதான் தெரியாது. 1849ல ஜெர்மனியில கோட்டிங்கன் நகரத்துல அர்னால்ட் பெர்ட்ஹோல்ட்னு ஒரு பேராசிரியர் ஆறு சேவல் குஞ்சுகளை எடுத்துக்கிட்டார். சிலதுக்குக் காயடிச்சு அப்படியே விட்டார். அதெல்லாம் வழக்கம்போல கொண்டை சுருங்கி மந்தமாச்சு. மத்ததுக்கு விரையை வெட்டி எடுத்து, திரும்ப வயித்துக்குள்ள வேற இடத்துல வச்சுத் தைச்சுட்டார். அதுங்க கொண்டையோட, கூவலோட, சண்டையோட முழுச் சேவலா வளர்ந்துச்சு. இதுல விஷயம் என்னன்னா, இடம் மாத்தி வச்ச விரைக்குப் பழைய நரம்புத் தொடர்பு எதுவும் கிடையாது. அப்போ அது என்னத்தையோ ரத்தத்துல கலந்து விடுது, அந்த என்னமோதான் கொண்டை வரைக்கும் போய்ச் சேருது. ஹார்மோன்ங்கிற வார்த்தையே அப்போ பிறக்கலை. நாலு பக்கத்துல எழுதிப் போட்டுட்டு மனுஷன் வேற வேலைக்குப் போயிட்டார், ஊரும் மறந்துபோச்சு.

நாப்பது வருஷம் கழிச்சு, 1889 ஜூன் 1. பாரிஸ்ல உயிரியல் சங்கக் கூட்டம். மேடையில ஷார்ல் எட்வார் பிரௌன்-செக்கார். சும்மா ஆள் இல்லை. முதுகுத்தண்டு நரம்புகளைப் பத்தி அவர் கண்டுபிடிச்சதை இன்னைக்கும் மருத்துவ மாணவர்கள் அவர் பேரோடதான் படிக்கிறாங்க. அப்போ வயசு 72. எழுந்து நின்னு சொல்றார்: நாயோட விரையையும், கினி பன்றியோட விரையையும் அரைச்சு, தண்ணில வடிகட்டி, எனக்கு நானே தோலுக்கடியில ஊசி போட்டுக்கிட்டேன். இப்போ லேப்ல மணிக்கணக்கா நிக்க முடியுது, மாடிப்படியில ஓட முடியுது, கைவலு கருவியில அளந்தா ஆறேழு கிலோ கூடியிருக்கு. இதோட நிறுத்தியிருக்கலாம். சிறுநீர் எவ்வளவு தூரம் பாயுதுன்னும் அளந்து, அதுவும் கால்வாசி கூடியிருக்குன்னு சபையில அறிக்கை வாசிச்சார். விஞ்ஞானின்னா இப்படி இருக்கணும் :-)

அவ்வளவுதான், உலகம் பத்திக்கிச்சு. கண்டவனெல்லாம் 'அமுதம்'னு பாட்டில்ல அடைச்சு வித்தான். அதே 1889ல அமெரிக்காவுல பட் கால்வின்னு ஒரு பேஸ்பால் வீரர் இதைப் போட்டுக்கிட்டு ஆடினதாப் பத்திரிகையில செய்தி. விளையாட்டுல ஊக்க மருந்துக் கணக்கு இங்கயே தொடங்குதுன்னு சொல்றவங்க இருக்காங்க.

ஆனா அந்த மருந்துல ஒண்ணுமே கிடையாது! 2002ல ஆஸ்திரேலியாவுல சில மருத்துவர்கள் பிரௌன்-செக்கார் எழுதி வச்ச முறையிலேயே நாய் விரையில இருந்து சாறு எடுத்து அளந்து பார்த்தாங்க. வேலை செய்யற அளவுக்குப் பக்கத்துலகூட வரலை. காரணம் எளிது. விரை டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கும், சேமிச்சு வைக்காது. அந்தப் பொருள் கொழுப்பு ஜாதி, தண்ணில கரையவும் மாட்டேங்கும். 72 வயசுக்காரர் மாடிப்படி ஓடினது முழுக்க முழுக்க நம்பிக்கையில. பொய் சொன்னார்னு நான் நினைக்கலை. இளமை திரும்பணும்னு ஆசைப்படுற ஒருத்தர், தானே மருத்துவர், தானே நோயாளி, தானே அளவுகோல். அப்படிப்பட்ட சோதனையில வேற முடிவு வர வழியே இல்லை. நூத்து முப்பது வருஷமா இந்தக் கதையில திரும்பத் திரும்ப வர்ற பிழை இதுதான்.

அதுக்கப்புறம் ஒரே கூத்து. வியன்னாவுல யூஜின் ஸ்டைனாக், விந்துக் குழாயைக் கட்டிட்டா உள்ளே ஹார்மோன் பெருகும்னார். அது நம்ம ஊர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான், ஒரு பக்கம் மட்டும். சிக்மண்ட் ஃபிராய்ட் 1923லயும், கவிஞர் யேட்ஸ் 1934லயும் போய் செஞ்சுக்கிட்டாங்க. பாரிஸ்ல செர்ஜ் வொரோனாஃப் 1920ல இருந்து குரங்கு விரையைச் சீவி மனுஷனுக்கு ஒட்டினார்.

நம்ம டெக்சாஸ் ஆளு ஒருத்தர் இருக்கார், அவரைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். ஜான் பிரிங்க்லி. கான்சாஸ் மாநிலத்துல மில்ஃபோர்டுன்னு ஒரு சின்ன ஊர்ல 1910களோட கடைசியில ஆட்டு விரையை மனுஷனுக்கு வைக்க ஆரம்பிச்சார். கட்டணம் 750 டாலர். அந்தக் காலத்துல அது ஒரு கார் விலைக்கும் மேல. 1923ல சொந்தமா ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சு, பாட்டுக்கு நடுவுல 'உங்களுக்கு வயசான மாதிரி இருக்கா?'ன்னு கேட்டார். 1930ல மருத்துவ லைசன்ஸைப் பிடுங்கினாங்க. சும்மா இருந்தாரா? அதே வருஷம் கான்சாஸ் கவர்னர் தேர்தல்ல நின்னார், வாக்குச்சீட்டுல பேரே இல்லாம லட்சத்துக்கும் மேல ஓட்டு வாங்கினார்! அப்புறம் டெக்சாஸ் எல்லையில டெல் ரியோவுக்கு வந்து, ஆத்துக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவுல ராட்சத டிரான்ஸ்மிட்டர் வச்சு அமெரிக்கா முழுக்க ஒலிபரப்பினார். 1939ல தன்னைப் போலி மருத்துவர்னு எழுதினவர் மேல கேஸ் போட்டுத் தோத்தார். 1941ல திவால், 1942ல மரணம். அந்த ஹைவே போர்டுங்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போ எனக்கு இவர் ஞாபகம்தான் வருது. (நியாயமாப் பார்த்தா ஒப்பிடக் கூடாது. போர்டுக்காரங்க மருந்து நிஜமாவே வேலை செய்யும். அதனாலதான் கவலையே.)

சரி, நிஜ மருந்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச பகுதி இது. சிகாகோ பல்கலைக்கழகத்துல ஃப்ரெட் கோக்னு ஒரு வேதியியலாளர். சிகாகோதான் அப்போ உலகத்துக்கே கசாப்புக்கடை, காளை விரைக்குப் பஞ்சமே இல்லை. 1927ல அவரும் லெமுவல் மெக்கீங்கிற மாணவரும் ஏறக்குறைய 18 கிலோ காளை விரையில இருந்து, தண்ணி விட்டு இல்லாம கொழுப்பைக் கரைக்கிற திரவங்களை விட்டு, 20 மில்லிகிராம் சரக்கு எடுத்தாங்க. அது வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அதே பழைய முறைதான்: காயடிச்ச சேவலுக்கு ஊசி போடு, கொண்டையை ஸ்கேல் வச்சு அள. கொண்டை வளர்ந்தா சரக்கு உண்மை. பெர்ட்ஹோல்ட் சேவல் எண்பது வருஷம் கழிச்சு அளவுகோலாத் திரும்பி வந்தது. பிரௌன்-செக்கார் மாதிரி சேவல் தனக்குத்தானே பொய் சொல்லிக்காது பாருங்க.

1931ல ஜெர்மனியில அடால்ஃப் புட்டெனாண்ட் வேற வழியில போனார். போலீஸ்காரங்களோட சிறுநீர்! 15,000 லிட்டர் சேர்த்துக் காய்ச்சி, வடிச்சு, கடைசியில் கிடைச்சது 15 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை. அதுக்கு ஆண்ட்ரோஸ்டெரோன்னு பேர். ஆனா அது மூலப்பொருள் இல்லை, உடம்பு பயன்படுத்திட்டு வெளியே தள்ளின மிச்சம். மூலத்தைப் பிடிச்சது ஆம்ஸ்டர்டாம்ல எர்ன்ஸ்ட் லாக்கர் குழு. 1935 மே மாசம், சுமார் 100 கிலோ காளை விரையில இருந்து 10 மில்லிகிராம். பேர் வச்சதும் அவங்கதான்: டெஸ்டோஸ்டிரோன். அதே வருஷம் ஆகஸ்டுலயே, ஒரு வார இடைவெளியில புட்டெனாண்டும், சுவிட்சர்லாந்துல லெயோபோல்ட் ருஸிக்காவும் அதைக் கொலஸ்ட்ராலில் இருந்து செயற்கையாத் தயாரிக்கிற வழியைக் கண்டுபிடிச்சுட்டாங்க. இதுக்குப் பின்னாடி மூணு மருந்துக் கம்பெனிகள் ஆளுக்கு ஒரு குழுவுக்குப் பணம் கட்டிப் பந்தயம் ஓட்டினதுன்னு ஞாபகம் வச்சுக்குங்க. ஆம்ஸ்டர்டாமுக்கு ஆர்கனான், புட்டெனாண்டுக்கு ஷெரிங், ருஸிக்காவுக்கு சீபா. 1939ல வேதியியல் நோபலை ரெண்டு பேரும் பகிர்ந்துக்கிட்டாங்க. ஹிட்லர் அரசு விடாததால புட்டெனாண்ட் போருக்கு அப்புறம்தான் பட்டயத்தைக் கையில வாங்க முடிஞ்சது.

காளைகளும் போலீஸ்காரங்களும் ஓய்வெடுக்கலாம். இனிமே எவ்வளவு வேணும்னாலும் ஆலையில தயாரிக்கலாம். ஒரே ஒரு சிக்கல். வாய் வழியா சாப்பிட்டா கல்லீரல் முதல் சுத்துலயே உடைச்சுப் போட்டுடும். அதுக்கு ரெண்டு மாத்து வழி. ஒண்ணு, மூலக்கூறுல ஒரு வால் ஒட்டி எண்ணெயில கரைச்சு சதையில ஊசி போடறது, கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கசியும். அண்ணாச்சிக்குக் கொடுக்க இருந்தது இந்த ஜாதிதான். இன்னொண்ணு, கல்லீரல் உடைக்க முடியாதபடி மூலக்கூறை முறுக்கி மாத்திரையாக்குறது. உடைக்க முடியாததை உடைக்கப் பார்த்து கல்லீரல் கெட்டுப்போகும். மாத்திரை ஸ்டீராய்டுகளோட கெட்ட பேருக்குப் பாதிக் காரணம் இந்த வேதியியல்தான்.

மருந்து கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி: யாருக்குக் கொடுக்கிறது? 1944ல ஹெல்லர், மையர்ஸ்னு ரெண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நல்ல வேலை செஞ்சாங்க. 'வயசாச்சு, தளர்ச்சி, ஆண்மை போச்சு'ன்னு வந்தவங்களைப் பரிசோதிச்சு ரெண்டாப் பிரிச்சாங்க. மூளைக்கடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, விரையைப் பார்த்து 'சுர, சுர'ன்னு சத்தம் போட்டும் விரை வேலை செய்யலைன்னா அது நிஜமான குறைபாடு. அவங்களுக்கு ஊசி போட்டப்போ பலன் இருந்தது. அந்தச் சத்தம் இயல்பா இருந்தவங்களுக்குப் பலன் இல்லை. அதாவது களைப்பா இருக்கிற எல்லாருக்கும் இது மருந்து இல்லைன்னு 1944லயே எழுதி வச்சாச்சு. அடுத்த வருஷமே பால் டி க்ரூஃப்ங்கிற பிரபல அறிவியல் எழுத்தாளர் இந்த ஹார்மோனைப் புகழ்ந்து ஒரு புத்தகமே போட்டார், தானே மாத்திரை சாப்பிடறதாவும் எழுதினார். எது வித்திருக்கும்னு நான் சொல்லணுமா?

இப்போ பளு தூக்குறவங்க உள்ளே வர்றாங்க. ஜான் சீக்லர், அமெரிக்காவுல மேரிலாந்துல ஓல்னிங்கிற ஊர் டாக்டர். 1954ல வியன்னாவுல நடந்த உலகப் பளு தூக்கும் போட்டிக்கு அமெரிக்க அணியோட போனார். அங்கே சோவியத் அணி டாக்டர் ஒருத்தர் பேச்சுவாக்குல, எங்க ஆளுங்க டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறாங்கன்னு சொன்னதா சீக்லரே பின்னாடி சொன்னார். பனிப்போர்க் காலம், விட முடியுமா? 1958ல சீபா கம்பெனி டயனபால்னு ஒரு மாத்திரையை அமெரிக்காவுல வித்தது. சீக்லர் அதைப் பென்சில்வேனியாவுல யார்க் ஊர்ல பாப் ஹாஃப்மன் நடத்தின பளு தூக்கும் கழகத்து ஆளுங்க சிலருக்குக் கொடுத்தார். பில் மார்ச், லூ ரீக்கி. இந்த லூ ரீக்கி கதைதான் அண்ணாச்சி மாதிரி ஆளுங்களுக்குக் காதுல தேன் வார்க்கும். முப்பது வயசைத் தாண்டி, இனி அவ்வளவுதான்னு இருந்தவர், 1964ல 37 வயசுல ஸ்னாட்ச்ல உலக சாதனை வச்சார்.

வேடிக்கை இனிமேதான். ஹாஃப்மன் ஒரு பத்திரிகையும் நடத்தினார், உடற்பயிற்சிச் சாமானும் வித்தார். தன் ஆளுங்க திடீர்னு பலசாலி ஆனதுக்குக் காரணம் அசையாத கம்பியை முழு பலத்தோட தள்ளுற ஐசோமெட்ரிக் பயிற்சிதான்னு பத்திரிகையில பக்கம் பக்கமா எழுதினார். கூடவே அதுக்கான இரும்புச் சட்டத்தையும் வித்தார். நாடு முழுக்க பசங்க சட்டத்தை வாங்கி, நகராத கம்பியைத் தள்ளு தள்ளுன்னு தள்ளினாங்க. மாத்திரையைப் பத்தி ஒரு வரி கிடையாது. இன்னைக்கு ஐம்பது வயசுல ஆறு கட்டு வயித்தோட வந்து 'எல்லாம் என் டயட்தான், கோர்ஸ் லிங்க் கீழே'ன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு அந்த இரும்புச் சட்டம்தான் கண்ணுக்குத் தெரியுது. நாப்பத்தஞ்சு வயசு ஆளு, தன் உடம்பை அந்தப் படத்தோட ஒப்பிட்டு நொந்து போறது என்ன கணக்குல நியாயம்?

சீக்லர் சொன்ன அளவு குறைவு. ஆளுங்க கேக்கலை. ஒண்ணு நல்லதுன்னா நாலு இன்னும் நல்லதுதானே? வெறுத்துப்போய் ஒதுங்கினவர், இதை ஆரம்பிச்சு வச்சதுக்காக வருத்தப்பட்டபடியே 1983ல இதய நோயில செத்தார். அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 1976 ஒலிம்பிக்ல முதல் ஸ்டீராய்டு பரிசோதனை, கிழக்கு ஜெர்மனி, 1988 சியோல்ல பென் ஜான்சன். 1990ல அமெரிக்கா இதையெல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்னு சட்டம் போட்டுச்சு. அதைத் தாண்டிப் போயிடலாம்.

தாண்ட முடியாதது ஒண்ணு. 1977ல அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, ஸ்டீராய்டால வலு கூடும்னு உறுதியான ஆதாரம் இல்லைன்னு அறிக்கை விட்டது. ஜிம்முல இருந்தவன் கண்ணால பார்த்துட்டுச் சிரிச்சான். டாக்டர் சொல்ற எதையும் நம்பக் கூடாதுங்கிற முடிவுக்கு அன்னைக்கு வந்தவன்தான், கல்லீரல் எச்சரிக்கையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டான். 1996லதான் ஷலேந்தர் பாசின் குழு ஒழுங்கா ஒரு சோதனை செஞ்சது. 43 ஆரோக்கியமான ஆண்கள், வாரம் 600 மில்லிகிராம், பத்து வாரம். பாதிப் பேர் எடை தூக்கணும், மீதிப் பேர் தூக்கவே கூடாது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்த கூட்டத்துக்குக் கொழுப்பு நீங்கலா 6 கிலோ கூடுச்சு. மருந்து மட்டும் எடுத்து சும்மா உக்காந்திருந்தவங்களுக்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. வேர்த்து விறுவிறுக்கப் பயிற்சி மட்டும் செஞ்சவங்களுக்கு? சுமார் 2 கிலோ. இதைப் படிச்சுட்டு அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன் மக்கா.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லணும். வாரம் 600ங்கிறது பதிலீட்டு சிகிச்சை இல்லை. பதிலீடுன்னா உடம்பு தானா சுரக்கிற அளவுக்குக் கொண்டுபோய் விடறது, அது இதுல ஆறுல ஒரு பங்கு பக்கம்தான். மூலக்கூறு ஒண்ணுதான், ஊசி ஒண்ணுதான், சீட்டுல எழுதுற எண் மட்டும்தான் வேற. அந்த எண் மெதுவா மேல ஏறும்போது எந்த நாள்ல 'சிகிச்சை' முடிஞ்சு 'ஸ்டீராய்டு' ஆரம்பிச்சதுன்னு யாரும் மணி அடிச்சுச் சொல்ல மாட்டாங்க. 140 கிலோவுல மாட்டிக்கிட்ட ஆளுக்கு அந்த எண்ணை ஏத்தத்தான் மனசு வரும், இறக்கவா வரும்?

2000ல தோல்ல தடவுற ஜெல் வந்தது. ஊசி பயம் போச்சு, விளம்பரம் வந்தது. அதே வருஷம் பத்துக் கேள்வி கொண்ட ஒரு படிவமும் வந்தது. தெம்பு குறைஞ்சிருக்கா? சோகமா, எரிச்சலா இருக்கீங்களா? வேலைத்திறன் குறைஞ்சிருக்கா? சாப்பிட்டதும் தூக்கம் வருதா? ஐயா, ரிலீஸ் வாரத்துல எங்க டீம்ல பொண்ணுங்க உட்பட எல்லாருமே இதுல ஃபெயில்தான்! அமெரிக்காவுல நாப்பது வயசு தாண்டிய ஆண்கள்ல இந்த மருந்து வாங்குறவங்க 2001ல நூத்துக்கு ஒருத்தர்கூட இல்லை. 2011ல கிட்டத்தட்ட மூணு பேர். ஆனா 2010ல ஐரோப்பாவுல 40 முதல் 79 வயசு வரை 3,369 ஆண்களை, அளவும் குறைஞ்சிருக்கணும், அதுக்கான அறிகுறிகளும் சேர்ந்து இருக்கணும்னு கறாராப் பார்த்தா, வயசால வந்த குறைபாடு 2.1 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது.

இதயத்துக்கு ஆபத்தா? 2010ல முதியவங்க மேல செஞ்ச ஒரு சோதனையைப் பாதியில நிறுத்தினாங்க, மருந்து எடுத்த பக்கம் இதயப் பிரச்சினை கூடினதால. 2015ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேபிள்ல எச்சரிக்கை போடச் சொன்னது, பெரிய சோதனை ஒண்ணும் செய்யச் சொன்னது. 2023ல முடிவு வந்தது. 5,200 பேருக்கு மேல, இதய ஆபத்து உள்ளவங்க, நிஜமாவே அளவு குறைஞ்சவங்க. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூணும் சேர்த்து மருந்துப் பக்கம் 7.0 சதவீதம், போலி மருந்துப் பக்கம் 7.3. அதாவது கூடலை. இதய ஒழுங்கற்ற துடிப்பும் நுரையீரல் ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடியிருந்தது. அதை வச்சு 2025ல லேபிளை மாத்தினாங்க, ரத்த அழுத்த எச்சரிக்கையைச் சேர்த்தாங்க. க்ளினிக்காரங்க இந்த முடிவைத்தான் சுவர்ல ஒட்டி வச்சிருக்காங்களாம். ஆனா அந்தச் சோதனையில இருந்தது குறைபாடு உள்ளவங்க, அளவாத் தடவின ஜெல். குறைபாடே இல்லாத ஆளு வாராவாரம் ஊசி ஏத்திக்கிட்டா ரத்தம் எவ்வளவு கெட்டிப்படும்னு அதுல இருந்து சொல்ல முடியாது.

இப்போ என் விஷயம். வெளியே இருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தா, பிட்யூட்டரி 'ஓஹோ, நிறைய இருக்கே'ன்னு சத்தம் போடறதை நிறுத்திடும். விரைக்கு உத்தரவு வராது. அது சுருங்கும், விந்தணு உற்பத்தி நிக்கும். நம்ம பாஷைல சொன்னா ஒரு ஃபீட்பேக் லூப். இது எவ்வளவு நம்பகமான விளைவுன்னா, உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடை ஊசியாச் சோதிச்சுப் பார்த்தது! வாரம் 200 மில்லிகிராம், ஏழு நாடுகள், 1990ல முடிவு. ஆறு மாசத்துல பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்குத் திரும்பும், ஆனா பல மாசம் ஆகும், சிலருக்கு வருஷக்கணக்குல. 50 டாலர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு நானும் போயிருந்தா, இந்த வருஷம் குழந்தைன்னு முடிவெடுத்திருக்கிற நான், கருத்தடை மருந்தைக் காசு கொடுத்து வாங்கியிருப்பேன். அண்ணாச்சிகிட்ட யாரும் இதைச் சொல்லலை. எங்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க. தங்கமணிகிட்ட இதைச் சொன்னப்போ அவ சிரிக்கலை.

அடுத்த சனிக்கிழமை இதெல்லாத்தையும் அண்ணாச்சிகிட்ட கொட்டினேன். பொறுமையாக் கேட்டார். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "அண்ணாச்சி, டெஸ்ட் எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"சாயங்காலம் நாலரைக்கு டே. முந்தின நாள் ராத்திரி ப்ரொடக்ஷன் இஷ்யூ, விடிய விடிய தூங்கலை. ஏன்?"

டெஸ்டோஸ்டிரோன் காலைல உச்சம், சாயங்காலம் சரிவு. அதனாலதான் வழிகாட்டுதல்கள் எல்லாம் காலை நேரத்துல, ரெண்டு தனித்தனி நாள்ல எடுக்கச் சொல்லுது. 2011ல சிகாகோவுல பத்து இளைஞர்களை ஒரு வாரம் அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்க விட்டதுல அவங்க பகல் அளவு பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் விழுந்துச்சு. ப்ரொடக்ஷன் இஷ்யூ முடிச்சுட்டு நாலரை மணிக்கு எடுத்த 281ஐ வச்சு ஒரு மனுஷனை வாழ்நாள் ஊசிக்கு எழுதிக் கொடுக்கப் பார்த்திருக்காங்க.

தன்னோட வழக்கமான டாக்டர்கிட்ட போய், ரெண்டு வாரத்துல ரெண்டு தடவை, வெறும் வயித்துல காலைல எடுத்தார். 418. அப்புறம் 396.

நான் கெலிச்ச மாதிரி சந்தோஷப்பட்டேன். அவர் முகத்துல அது இல்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லேங்கியா?"ன்னார். "ஒண்ணும் இல்லேன்னா அந்த 160 எங்கடே போச்சு?"

இதுக்கு எந்த ஆராய்ச்சியிலயும் நான் பதில் பார்க்கலை. எனக்கு என்ன தோணுச்சோ அதைச் சொன்னேன்: தூக்கம், அந்தப் பழைய முட்டி வலி, ரெண்டு வருஷமா அம்மா உடம்பு சரியில்லாம ஊருக்கும் இங்கயுமா அலைஞ்சது. "அது சரி"ன்னார். ஊசிப் பார்சல் முதல் டெஸ்ட் முடிஞ்ச உடனேயே வீட்டுக்கு வந்துடுச்சாம், பீரோவுல இருக்காம், பிரிக்கலையாம். பணம் திரும்ப வராதாம்.

நேத்து ஸ்க்வாட். 140ல ரெண்டு எழுந்துட்டார், மூணாவதுல கால் நடுங்குச்சு, நான் பின்னாடி இருந்து கம்பியைப் பிடிச்சேன். ரேக்ல வச்சுட்டு மூச்சு வாங்கிட்டுச் சொன்னார்: "அடுத்த வாரம் 120ல இருந்து திரும்ப ஆரம்பிப்போம் டே. பீரோவுல இருக்கதைப் பத்தி இப்போ கேக்காத."

கேக்கலை.